பெட்டி இல்லாமல் வந்த இருக்கை

இது நடந்து இரண்டு வருடமாகிறது. பங்குனி மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். இடம், யாழ்ப்பாணப் பக்கம் பண்டத்தரிப்புக்குக் கிட்ட உள்ள எங்கள் வீட்டுக் கிணற்றடி. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த வேலையின் அழகு உங்களுக்கு விளங்காது. நான் இறைப்பு மெசின் திருத்துகிறவன். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின், வீட்டுக் கிணற்று மோட்டர், தண்ணீர்த் தாங்கிக்குள் மிதந்து மிதந்து தண்ணீரை நிறுத்துகிற அந்தப் பந்து, எல்லாம் என் வேலை. வீட்டு முன்பக்கத்திலேயே பட்டறை. எந்த நாட்டு மெசினாக இருந்தாலும் அதோடு வரும் புத்தகத்தை நான் திறந்தது கிடையாது. கழற்றுவேன், ஒவ்வொரு ஓட்டையும் எதற்கு என்று யோசிப்பேன், பூட்டுவேன். "உவன் பேப்பர் பாக்கமாட்டான், கையாலை பாப்பான்" என்று தோட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லும்போது காதில் விழாததுபோல நிற்பேன். நன்றாகவே விழும்.

லண்டனில் இருக்கும் என் அக்கா, அவருக்குத் தெரிந்த ஒருவர் இங்கே கலியாணத்துக்கு வந்தபோது அவர் கையில் பிள்ளைக்குச் சாமான் கொடுத்து அனுப்பியிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஆள் கையில் சாமான் அனுப்புகிறவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரம் கூடிவிடும் என்று கடைப் பெட்டிகளையும் காகிதங்களையும் எறிந்துவிட்டு, சாமானுக்குள் சாமானை அடைத்து அனுப்புவார்கள். சப்பாத்துக்குள் சவர்க்காரம் இருக்கும். சோறு சமைக்கும் குக்கருக்குள் உள்பெனியன் இருக்கும். எனவே அந்தப் பையைத் திறந்தபோது, சொக்கிளேற்றும் தைலப் போத்தலும் பிள்ளைச் சட்டைகளும் திணிக்கப்பட்ட ஒரு நீல நிறச் சாமானைக் கண்டு நாங்கள் ஆச்சரியப்படவில்லை. உள்ளே இருந்தவற்றை எல்லாம் எடுத்து வெளியே வைத்த பிறகுதான், அவை எதற்குள் இருந்தன என்று பார்த்தோம்.

கைக்குள் அமத்தினால் அமுங்குகிற, மெத்தென்ற ரப்பர் மாதிரியான பொருள். முதுகுப் பக்கம் உயரம். முன்னால் ஒரு மேடு, அதன் இரண்டு பக்கமும் கால் நுழைகிற குழிகள். இடுப்பு வருகிற இடத்தில், அடியோடு ஒட்டினாற்போல, வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக இரண்டு நீட்டு ஓட்டைகள். விரல் நுழையும். பெட்டி இல்லை, காகிதம் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

"கதிரைதானே? பிள்ளையை நிலத்திலை இருத்துற கதிரை" என்றாள் மனைவி.

மாமி, அதாவது மனைவியின் தாயார், எங்களோடுதான் இருக்கிறார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கதிரைக்கு ஏன் தம்பி ஓட்டை? உது பிள்ளை வெளிக்கிருக்கிற சட்டி" என்றார். சட்டி என்றால் நடுவில் அல்லவா ஓட்டை இருக்கவேண்டும் என்று நான் கேட்டதற்கு, "வெள்ளைக்காரன் எல்லாத்தையும் மாறித்தான் செய்வான்" என்று முடித்துவிட்டார்.

அன்று பின்னேரமே அக்கா வீடியோவில் வந்தார். "சாமான் கிடைச்சதோ? பிள்ளையை அதிலை இருத்திக் காட்டு பாப்பம்" என்றார். சரி, பிள்ளையை இருத்துகிற சாமான் என்பதாவது உறுதியாயிற்று. மகளைத் தூக்கி, நிலத்தில் வைத்த அந்த இருக்கையில் இருத்தினோம். கொஞ்ச நேரம் தலையை நிமிர்த்தி உலகத்தைப் பார்த்தாள். பிறகு அரிசிப் பொதிபோல ஒரு பக்கம் சரிந்தாள். மனைவி ஒரு கையால் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை படத்தில் விழாமல் நான் போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன்.

"நல்லாயிருக்கோ தம்பி?"

"சோக்கா இருக்கு அக்கா" என்றேன். நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. இதை எங்கே வைத்து, எப்படிப் பாவிப்பது என்ற கேள்வி. ஆனால் அதை நேரே கேட்க வாய் வரவில்லை. சுற்றிவளைத்து, "பெட்டி ஒண்டும் இல்லையோ அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாரம் எண்டு எறிஞ்சிட்டன். அது கிடக்கட்டும், அங்கை மழை ஏதும் பெய்யுதோ?" என்றார் அக்கா.

பங்குனி வெயிலில் ஏன் மழையைப் பற்றிக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் குழம்பினேன். அங்கே போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது, மாதங்கள் மறந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வெட்கம்தான். வெளிநாட்டுக்காரரிடம் போய், நீங்கள் ஆசையாக அனுப்பிய சாமான் என்னவென்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஊரில் இருக்கிறவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்று அத்தானோ பிள்ளைகளோ பின்னால் நின்று சிரிப்பார்களோ என்று ஒரு நினைப்பு. அதோடு, மெசின் திருத்துகிற எனக்கு ஒரு பிள்ளைக் கதிரை விளங்கவில்லை என்றால் மானம் என்னாவது?

அடுத்த நாள் எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர் வந்தார். மிட்வைஃப் மிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். என்னைவிட நாலைந்து வயது குறைந்த பிள்ளை. ஸ்கூட்டியில் வந்து, மகளின் நிறையைப் பார்த்து, சுகாதாரப் புத்தகத்தில் புள்ளி போட்டு, கோடு மேலே போகிறது என்று மனைவிக்குக் காட்டினார். நான் இருக்கையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். மனைவி கதிரை என்கிறாள், மாமி சட்டி என்கிறார், நீங்கள்தான் தீர்த்துவைக்கவேண்டும் என்றேன்.

மிஸ் அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஓட்டைக்குள் விரலை விட்டும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் உப்பிடி ஒண்டைப் பாத்ததில்லை. இதின்ரை பேப்பர் இருந்தால் தாங்கோ, வாசிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"பேப்பர் இல்லை மிஸ்."

"அப்ப அனுப்பினவையிட்டைக் கேளுங்கோ. நானும் எங்கடை டொக்டரிட்டைக் கேட்டுப் பாக்கிறன். அதுவரைக்கும் பிள்ளையைப் பாயிலை விடுங்கோ, குப்புற விட்டுக் கிட்ட நிண்டு பாருங்கோ. இப்ப அவவுக்கு அது காணும்."

அவர் போனதும் நான் மனைவியிடம் நக்கலாகச் சொன்னேன், அரசாங்கம் இவ்வளவு காலம் படிப்பித்து விட்டிருக்கிறது, ஒரு கதிரையைக் கேட்டால் தெரியாது என்கிறார் என்று. மனைவி சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

பிறகு இரண்டு நாள் அந்த இரண்டு ஓட்டைகளும் என் மண்டைக்குள் சுழன்றுகொண்டே இருந்தன. மெசினில் ஓட்டை சும்மா இருக்காது. எண்ணெய் போக, காற்றுப் போக, தண்ணீர் போக, அல்லது ஏதாவது ஒன்றைப் பூட்ட. பூட்டுவதற்கு இங்கே ஒன்றுமில்லை. அப்படியானால் ஏதோ வெளியே போகவேண்டும். நிலத்தில் இருத்துகிற கதிரையைத் துணியில் செய்திருக்கலாம், ஏன் தண்ணீர் ஊறாத ரப்பரில் செய்தான்? அடியோடு ஒட்டி ஏன் ஓட்டை வைத்தான்? ஒரு குவளை தண்ணீரை இருக்கைக்குள் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கத்தாலும் வடிவாக வடிந்து போயிற்று. ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி வேலையில்லை. குளிப்பாட்டுகிற இருக்கை! மாமியும் தோற்றார், மனைவியும் தோற்றாள், படித்த மிஸ்ஸும் தோற்றார்.

அது ஒரு வியாழக்கிழமை. மனைவி தன் பிரசவ லீவை நீட்டிக்கக் கடிதம் கொடுக்க யாழ்ப்பாணத்துக்குக் காலை பஸ்ஸில் போய்விட்டாள். மாமி சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனார். "இண்டைக்குப் பிள்ளையைக் குளிக்க வாக்கவேண்டாம், துணியாலை துடைச்சு விட்டாக் காணும்" என்று இருவருமே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நான் தலையாட்டினேன். ஆனால் அதற்கு முன்பே வாளித் தண்ணீரை வெயிலில் வைத்துவிட்டேன், சூடேறட்டும் என்று. அவர்கள் திரும்பி வரும்போது பிள்ளை குளித்து, பவுடர் போட்டு, இருக்கையின் இரகசியமும் தீர்ந்திருக்கவேண்டும் என்பது என் திட்டம்.

கிணற்றடிச் சீமெந்துத் தரையில் பெரிய பிளாஸ்ரிக் பேசினை வைத்தேன். அதற்குள் இருக்கை. இருக்கைக்குள் மகள். வெயிலில் சூடான தண்ணீரைக் குவளையால் அள்ளி மெல்ல மெல்ல வார்த்தேன். கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். தண்ணீர் ஓட்டைகளால் வடிந்தது. வடிந்த தண்ணீர் எங்கே போகும்? பேசினுக்கு ஓட்டை இல்லையே. அதை நான் யோசிக்கவில்லை. வார்க்க வார்க்கப் பேசினில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் காலால் அடித்து விளையாடினாள், நானும் சந்தோசத்தில் இன்னும் வார்த்தேன்.

அப்போது கிணற்றடி மதிலில் வைத்திருந்த போன் அடித்தது. நாலு அடி தூரம். நாலு அடிதானே என்று குவளையைப் பேசினுக்குள் விட்டுவிட்டுப் போனேன். வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர். மெசின் தண்ணீர் தூக்குதில்லை என்றார். "கிணத்துக்குள்ளை குழாய் அடியிலை இருக்கிற புட்வால்வைக் கழற்றிக் கழுவிப் பாருங்கோ" என்றேன். அவ்வளவுதான் கதைத்தேன்.

நான் திரும்பியது சத்தம் கேட்டதால் அல்ல. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சளசளப்பு நின்றுபோனதால்.

குவளை மிதந்து கொஞ்சம் அப்பால் போயிருந்தது. அதைப் பிடிக்க அவள் முன்னுக்குச் சாய்ந்திருக்கவேண்டும். இருக்கை பேசினின் அடியில் இல்லை. மிதந்து, கவிழ்ந்து, அதன் நீல முதுகு மேலே தெரிந்தது. என் பிள்ளையின் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

எப்படிப் போனேன், எவ்வளவு நேரம் எடுத்தது, எதுவும் தெரியாது. இருக்கையைப் பிடித்து இழுத்தேன். பிள்ளையும் அதோடு சேர்ந்தே வந்தாள், தொடைகள் இரண்டும் அந்தக் குழிகளுக்குள் இறுகிப் போயிருந்தன. அப்படியே இருக்கையோடு என் முன்னங்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினேன். அழவில்லை. இன்னும் தட்டினேன். கடவுளே கடவுளே என்று மட்டும் வாயில் வந்தது. இருமினாள். மூக்காலும் வாயாலும் தண்ணீர் வந்தது. மறுபடி இருமினாள். பிறகு வீரிட்டு அழுதாள். அவள் அழத் தொடங்கியதும் நானும் அழத் தொடங்கினேன்.

அழுதுகொண்டே அவள் கால்களை வெளியே எடுக்கப் பார்த்தேன். நனைந்த ரப்பர் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றுகிற கை எனக்கு. அந்தக் கையால் ஒரு குழந்தையின் காலை எடுக்க முடியவில்லை. ஒருபடியாக எடுத்தபோது தொடைகளில் வளையம்போலச் சிவந்திருந்தது.

மிதக்கும் என்று எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு இரண்டு மூன்று தாங்கிகளுக்குள் இறங்கி, மிதக்கிற பந்தைப் பூட்டிவிட்டு, மிதக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவன் நான். காற்றை அடைத்த இலேசான பொருள் தண்ணீரில் என்ன செய்யும் என்று என்னைத் தவிர இந்த ஊரில் வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? அன்றைக்கு அது என் புத்தியில் ஏறவேயில்லை. ஓட்டையைப் பார்த்தேன், ஓட்டையை மட்டும் பார்த்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. பிள்ளையைத் துடைத்து, சட்டை போட்டு, தோளில் போட்டுக்கொண்டு, பேசின் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். இருக்கையைக் கொண்டுபோய்ப் பட்டறையில் பழைய மெசின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மாமி கூட்டம் முடிந்து வந்து, "ஏன் பிள்ளை இருமுறாள்?" என்று கேட்டபோது, "சளி தடிமன் பிடிக்கப் பாக்குது போல மாமி" என்றேன். அவள் இருமிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டுமா, அழுதுவிட்டாள்தானே, இனிப் பயமில்லையா? யாரிடம் கேட்பது? கேட்டால் நடந்ததைச் சொல்லவேண்டுமே. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னதாக மனைவி வந்தாள். வந்ததும் வராததுமாகப் பிள்ளைக்குத் துணி மாற்றப் போனவள், தொடையில் இருந்த வளையத்தைக் கண்டுவிட்டாள்.

"இதென்னப்பா?"

சொல்லிவிட்டேன். முழுவதையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்காட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் பகுதியில் இருந்த டொக்டர் குழாயை வைத்து நெஞ்சையும் முதுகையும் மாறி மாறிக் கேட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். "பேசினுக்கை விழுந்திட்டா" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு இருக்கை, ஓட்டை, போன், ஒளித்து வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் எழுதிக்கொண்டார். தண்ணீருக்குள் மூழ்கி இருமுகிற பிள்ளையை உடனேயே கொண்டுவந்திருக்கவேண்டும், அழுதால் சரி என்று நினைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அவர் நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒருநாள் வைத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று மறுநாள் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேரே பட்டறைக்குப் போனேன். பயம் போன இடத்தில் இப்போது கோபம் வந்திருந்தது. இருக்கையை இழுத்தெடுத்து மேசையில் போட்டு, இரும்பு அரிகிற வாளால் துண்டு துண்டாக அரிந்து எறிவது என்று முடிவுசெய்தேன். அதைவிட அக்கா மேல்தான் கோபம் அதிகம். ஒரு சிறு காகிதம், அதன் பாரம் எவ்வளவு இருந்திருக்கும்? அதை எறிந்துவிட்டு அனுப்பியிருக்கிறாரே! என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருக்கையைத் திருப்பிப் போட்டேன். அடிப்பக்கத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். மார்க்கர் பேனையால் இங்கிலிஷில் எழுதி, பிறகு யாரோ தேய்த்து அழிக்கப் பார்த்த ஒரு பெயர். ஒரு பிள்ளையின் பெயர். எங்கள் ஆட்கள் வைக்கிற பெயர் அல்ல.

வாளை மேசையில் வைத்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"அக்கா, இந்தச் சீற் ஆருடையது?"

"ஏன், என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஓவென்று அழத் தொடங்கிவிட்டார். நான் அடுக்கி வைத்திருந்த ஒரு சொல்லைக்கூட எடுக்க இடம் கிடைக்கவில்லை.

"புதிசில்லை தம்பி. இஞ்சை பழஞ்சாமான் விக்கிற கடையிலை எடுத்தனான். பெட்டியை நான் எறியேல்லை, பெட்டியே இருக்கேல்லை. உந்த ரெண்டு ஓட்டைக்கும் ஒரு பெல்ற் வரும், பிள்ளையின்ரை இடுப்பைச் சுத்தி. அதுவும் இருக்கேல்லை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினனான்."

"ஏன் சொல்லேல்லை அக்கா?"

"பழசை அனுப்பிப்போட்டாள் எண்டு நீங்கள் நினைச்சிடுவியள் எண்டுதான். தம்பியின்ரை முதல் பிள்ளைக்குப் பழசை அனுப்பினன் எண்டு உன்ரை மனுசியும் மாமியும் என்ன நினைப்பினம்?"

"நான் பெட்டி எங்கை எண்டு கேட்டனான்தானே?"

"ஓம், கேட்டனீ. நான் மழையைப் பற்றிக் கதைச்சனான்" என்றார் அக்கா.

அன்றைக்குத்தான் தெரிந்தது, அத்தானுக்கு ஒரு வருடமாக வேலை இல்லை. அக்கா விடியமுன்னம் எழும்பி ஒரு அலுவலகத்தையும், பின்னேரம் இன்னொரு அலுவலகத்தையும் துப்புரவாக்கப் போகிறார். நான்கு பேரும் ஒரே அறையில். வீடியோவில் எப்போதும் அக்காவுக்குப் பின்னால் தெரிகிற அந்த அழகான பூத்திரை, கட்டிலை மறைக்கக் கட்டியது. இத்தனை வருடமாக நாங்கள் அதைப் பார்த்து, அக்காவின் வீடு வடிவு என்று கதைத்திருக்கிறோம். அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறோம்தான். பதில் வருகிற வரைக்கும் பொறுத்து நின்று கேட்டதில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெல்ற் இல்லை என்று தெரிந்தும் சொல்லாமல் அனுப்பிய அக்கா மேலா? அந்தச் சம்பளத்திலும் என் பிள்ளைக்கு ஏதாவது அனுப்பவேண்டும் என்று கடை கடையாகத் தேடியவர் அல்லவா அவர்? பெல்ற் இருந்திருந்தாலும் தண்ணீருக்குள் வைத்தது நான். பெல்ற் போட்டு வைத்திருந்தால் பிள்ளையை எடுக்க இன்னும் நேரம் சென்றிருக்குமே என்றும் நினைத்தேன். அப்படியானால் பெல்ற் இல்லாதது நல்லதா கெட்டதா? அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் சரிவரவில்லை. இருக்கையை அரியவும் இல்லை.

அடுத்த முறை மிட்வைஃப் மிஸ் வந்தபோது ஒரு காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். "நீங்கள் கேட்டனீங்கள் எல்லே அண்ணை, அதாலை எங்கடை டொக்டரிட்டை விசாரிச்சு எழுதிக்கொண்டு வந்தனான்" என்றார். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. மனைவியும் மாமியும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள்.

மிஸ் வாசித்தார். இது தரையில் மட்டும் வைக்கிற இருக்கை. மேசையிலோ கட்டிலிலோ கதிரையிலோ வைக்கக்கூடாது, பிள்ளை உந்தினால் இருக்கையோடு விழும். தண்ணீருக்குள்ளும் தண்ணீருக்குக் கிட்டவும் வைக்கவே கூடாது. பிள்ளை தலையைத் தானாக உறுதியாகப் பிடிக்கவேண்டும், இருத்தினால் சரிந்துபோகக்கூடாது, அதுவரை தேவையில்லை. தொடை இறுகினால் அந்த இருக்கை அந்தப் பிள்ளைக்குச் சரியில்லை. பெல்ற் உள்ள இருக்கை என்றால் பெல்ற் இல்லாமல் பாவிக்கக்கூடாது. பெல்ற் போட்டாலும் கை எட்டுகிற தூரத்தை விட்டு ஒருவரும் போகக்கூடாது. கொஞ்ச நேரம் இருத்திவிட்டுத் தூக்கிவிடவேண்டும், அதில் நித்திரையாக விடக்கூடாது. இவ்வளவையும் வாசித்துவிட்டு, "இதெல்லாம் இல்லாமலும் பிள்ளையள் இருக்கப் பழகுவினம் அண்ணை, பாய் காணும்" என்று காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "நான் இன்னும் கெதியாய் விசாரிச்சிருக்கவேணும்" என்றார். எனக்கு அதைத் தாங்கமுடியவில்லை. எங்கள் எல்லோருக்குள்ளும் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரும் மன்னிப்புக் கேட்கிறார். நான் அவரைப் பற்றி நக்கலடித்ததை மட்டும் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. இந்த இடத்திலாவது சொல்லி வைக்கிறேன்.

அக்கா அதோடு விடவில்லை. கடைப் பெட்டியோடு புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியே தீருவேன் என்று நின்றார். நாங்கள் வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. சரி என்று நாங்கள் கேள்வி கேட்கத் தொடங்கினோம். பெல்ற் இருக்கிறதா, தொடைக் குழி எவ்வளவு அகலம், அடி அகலமா, எத்தனை மாதத்துக்கு என்று போட்டிருக்கிறது, எத்தனை கிலோவரை, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, படம் பிடித்து அனுப்புங்கோ. அக்காவும் கடையில் நின்று ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பினார். "எடேய், நீ மெசின்காரன் இல்லை, பொலிஸ்காரன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. நாங்கள் கேட்டு, அவர் பார்த்து, ஒன்றும் முடிவாவதற்குள் மகள் ஒருநாள் பாயில் தானாகவே நிமிர்ந்து இருந்துவிட்டாள். வீடியோவில் அதைக் காட்டினோம். முதுகில் ஒருவருடைய கையும் இல்லை.

அந்த நீல இருக்கை இப்போது என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. மெசின் கொண்டு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "உதென்ன தம்பி?" என்று கேட்பார்கள். வேலையை நிறுத்திவிட்டு முழுக் கதையும் சொல்வேன். சிலர் உச்சுக்கொட்டுவார்கள், சிலர் என் முட்டாள்தனத்தை நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். புது மெசின் வந்தால் இப்போது அதன் புத்தகத்தைத்தான் முதலில் தேடுகிறேன். தோட்டக்காரர்கள் அதற்கும் ஏதாவது சொல்கிறார்கள்.

மகள் இப்போது முற்றமெல்லாம் ஓடித் திரிகிறாள். கண்ணில் படுகிற எல்லாவற்றையும் காட்டி, "அப்பா, இதென்ன?" என்று நாள் முழுக்கக் கேட்கிறாள். அவள் அப்படிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன். அன்றைக்கு யாரில் எவ்வளவு பிழை என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால், இதென்ன என்ற அந்த ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என் பிள்ளையை நான் தண்ணீருக்குள் இருத்தினேன் என்பது மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் தெரிகிறது.